சுதந்திர வர்த்தகம்: யாருக்குச் சுதந்திரம்?

சுதந்திரம் என்னும் சொல் இனிமையானது. அச்சொல்லை எந்தச் சரக்கின்மீது ஒட்டிவைத்தாலும் அச்சரக்கு விலைபோகும். அதனாற்போலும், நாடுகள் தமக்குள் சுங்கத் தீர்வையைக் குறைத்துக்கொள்வதற்காகச் செய்யும் ஏற்பாட்டுக்குச் "சுதந்திர வர்த்தக உடன்படிக்கை" என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். பெயரோடு எமக்குப் பிணக்கில்லை. ஆனால் சுதந்திரம் என்றால் யாருக்கு, எதிலிருந்து என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அக்கேள்வியை அரசியலில் ஓங்கி எழுப்பிவிட்டு, அங்காடியில் மாத்திரம் வாய்மூடி இருப்பது முறையாகாது.

இந்நாடு இந்தியாவுடன் செய்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசெம்பர் 28ஆம் நாள் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பாகிஸ்தானுடன் செய்தது 2005இல் நடைமுறையாயிற்று. சிங்கப்பூருடன் 2018 ஜனவரி 23ஆம் நாளும், தாய்லாந்துடன் 2024 பெப்ரவரி 3ஆம் நாளும் கைச்சாத்துக்கள் இடப்பட்டன. இந்தியாவுடன் சேவைகளையும் உள்ளடக்கிய மேலும் விரிந்ததோர் உடன்படிக்கைக்காக 2016 முதல் விட்டும் தொட்டும் பேச்சுக்கள் நடந்து வந்துள்ளன.

"இவையெல்லாம் கொழும்பின் காரியம்; எமக்கென்ன?" என்று இணுவிலிலோ விசுவமடுவிலோ தோட்டம் செய்பவர் எண்ணக்கூடும். அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் கடமைபுரியும் எம்மவரும் அவ்வாறே எண்ணக்கூடும். இவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கையும் செம்மண்ணும்

தடையற்ற வர்த்தகத்தை ஆதரிப்போர் சொல்லும் நியாயம் பழையது; அறிவுக்குப் பொருந்தாததும் அன்று. 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் அதனை எடுத்துரைத்தார். இங்கிலாந்து துணி நெய்யட்டும். போர்த்துக்கல் திராட்சை மது வடிக்கட்டும். ஒவ்வொரு நாடும் தனக்குச் சார்பளவிற் சிறந்து வருவதைச் செய்து மற்றதை மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் ஆதாயம் என்பது அவர் கண்ட முடிபு. கணக்கில் இது சரியே.

ஆனால், நெசவாளி தறியை விட்டிறங்கி மறுநாளே திராட்சைக் கொடி வளர்க்கப் போய்விடுவான் என்று அக்கணக்கு எண்ணிக்கொள்கிறது. இடைப்பட்ட காலத்தில் அவன் எதை உண்பான், அவன் பிள்ளைகளின் படிப்பு என்னாகும், அவன் பட்ட கடனை யார் இறுப்பார் என்ற கேள்விகளுக்கு அக்கணக்கில் இடமில்லை. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, செம்மண் கொத்தி, பாத்தி கட்டி, வெங்காயம் நட்டு மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம், கப்பலில் மலிவான வெங்காயம் வந்திறங்கிய மறுநாளே வேறொரு தொழிலைக் கைக்கொண்டுவிட முடியுமா? நாடு முழுவதற்கும் ஆதாயம் என்று கூறும்பொழுது, அந்த ஆதாயம் ஒருவன் பையிலும், நட்டம் இன்னொருவன் தலையிலும் விழுவதைக் கணக்குப்புத்தகம் தனித்தனியே காட்டுவதில்லை.

1977 கற்பித்த பாடம்

இதனை நாம் புத்தகத்திற் படித்தறிய வேண்டியதில்லை. எமது தோட்டங்களே சாட்சி. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் உணவுப்பொருள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் வலிகாமத்தின் வெங்காயத்துக்கும், மிளகாய்க்கும், உருளைக்கிழங்குக்கும் நாடெங்கும் சந்தை இருந்தது. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஏறின. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் அமைந்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் படித்த இளைஞர் காடு வெட்டி மிளகாய் நட்டனர். உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வாசல்கள் ஒடுங்கிவந்த வேளையில், மண் எம்மவரைக் கைவிடவில்லை.

அந்தக் காலம் யாவர்க்கும் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அரிசிக்கும் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற மக்களின் துயரம் உண்மையானது. கட்டுப்பாட்டினால் வாழ்ந்தவன் தோட்டக்காரன். கட்டுப்பாட்டினால் வாடியவன் நகரத்துக் கூலியாள். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்தால்தான் நியாயமான முடிவுக்கு வரமுடியும்.

1977 ஜூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் மாத வரவு செலவுத் திட்டத்துடன் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. டொலருக்கு 8 ரூபா அளவில் இருந்த நாணய மதிப்பு 16 ரூபா அளவுக்கு இறங்கியது. விளைவு என்ன? தோட்டக்காரன் விற்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வெளிநாட்டுச் சரக்கு போட்டிக்கு வந்தது. அவன் வாங்கும் இயந்திரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் விலை ஏறியது. விற்பது இறங்க, வாங்குவது ஏற, நடுவில் அகப்பட்டவன் கடனாளியானான்.

அப்பொழுது எவ்வித சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் செய்யப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நிய நாடு எதுவும் நிர்ப்பந்தித்து எம்மிடம் கையெழுத்து வாங்கவில்லை. கொழும்பிலே எழுதப்பட்ட ஒரு திட்டமே போதுமானதாயிற்று. கதவைத் திறக்குமுன் யார் வீட்டு முற்றத்தில் வெள்ளம் பாயும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிய சிலரும் எமது கமக்காரரைக் கேட்கவில்லை. அடுத்து வந்த போரும், எரிபொருட்கும் பசளைக்கும் விதிக்கப்பட்ட தடைகளும், உயர்பாதுகாப்பு வலயங்களும் எஞ்சியிருந்ததையும் சிதைத்தன. 2009இன் பின்னர் பாதை திறந்தபொழுது தெற்கின் சரக்குகள் வடக்கே தங்குதடையின்றி வந்தன. பல்லாண்டு போரினால் முதலும் கருவியும் இழந்தவன், அவற்றை இழக்காதவனோடு ஒரே சந்தையில் நிற்க வேண்டியதாயிற்று. யானைக்கும் பானைக்கும் சரி என்ற கதையை நாம் அறிவோம்.

மெக்சிக்கோவின் சோளம்

எமது அனுபவம் எமக்கு மாத்திரம் உரியதன்று. மெக்சிக்கோ நாடு 1994 ஜனவரி 1ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவுடனும் கனடாவுடனும் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் இணைந்தது. அதே நாளில் அந்நாட்டின் தென்கோடி மாநிலமான சியாப்பாசில் பழங்குடிக் கமக்காரர் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தெழுந்தனர். காரணங்களுள் ஒன்று சோளம். மெக்சிக்கோவுக்குச் சோளம் எமக்கு அரிசி போன்றது. அதைத் தம் சிறு நிலங்களில் விளைவித்தவர்கள், அரசின் பெரும் மானியத்தில் அகன்ற பண்ணைகளில் விளையும் அமெரிக்கச் சோளத்துடன் போட்டியிட வேண்டியவராயினர்.

உடன்படிக்கை அவர்களை முற்றாக மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சோளத்துக்கு ஏறத்தாழ 15 ஆண்டு தவணை கொடுக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் ஓரளவுக்கு மேற்பட்டு வரும் சோளத்துக்குத் தீர்வை அறவிடும் உரிமையும் இருந்தது. ஆனால் நகரத்தாருக்கு மலிவான சோளம் வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, மெக்சிக்கோ அரசே அந்தத் தீர்வையை அறவிடாது விட்டது. எழுத்திலிருந்த பாதுகாப்பு ஏட்டுச் சுரைக்காயாயிற்று. தொழிற்சாலைகள் பெருகின, அமெரிக்காவுக்குச் செல்லும் ஏற்றுமதி பன்மடங்கு உயர்ந்தது என்பதும் உண்மையே. ஆயினும் நிலத்தை விட்டு எழும்பிய அனைவருக்கும் அத்தொழிற்சாலைகளில் இடம் இருக்கவில்லை. நகரத்து ஏழைக்கேனும் நிலையான மலிவு கிடைத்ததா? 2007 ஜனவரியில், சோள ரொட்டியின் விலையேற்றத்தை எதிர்த்து மெக்சிக்கோ நகர வீதிகளில் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர்.

எழுதிய கதவும் உண்மையான கதவும்

இனி, எமக்கு அருகிலுள்ள உடன்படிக்கையைப் பார்ப்போம். இந்தியாவுடன் செய்த உடன்படிக்கையில் இரு நாடுகளும் விலக்குப் பட்டியல்களை வைத்துக்கொண்டன. இலங்கையின் பட்டியலில் 1,180 வகைகளும், இந்தியாவின் பட்டியலில் 429 வகைகளும் இருந்தன. இலங்கை தீர்வையைக் குறைத்து முடிக்க 2008 வரை தவணை பெற்றது. இந்தியா 2003இலேயே குறைத்து முடித்தது. எமது விவசாயப் பொருள்களிற் பெரும்பாலானவை விலக்குப் பட்டியலுக்குள் வைக்கப்பட்டன. சிறிய நாட்டுக்கு இது நல்ல உடன்படிக்கையே என்று எழுத்தைப் படித்தவர் கூறினால் நாம் மறுக்கமாட்டோம்.

ஆனால் எழுத்தில் திறந்த கதவு துறைமுகத்தில் திறந்ததா? தேயிலைக்கு ஆண்டொன்றுக்கு 1 கோடி 50 இலட்சம் கிலோ என்று எல்லை. அதுவும் குறிப்பிட்ட சில துறைமுகங்களின் வழியே செல்ல வேண்டும் என்று தொடக்கத்தில் நிபந்தனை. ஆடைக்கு 80 இலட்சம் உருப்படி என்று எல்லை. அவற்றில் 60 இலட்சம் இந்தியத் துணியிலேயே தைக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை. நாம் எவற்றைச் சிறப்பாகச் செய்கிறோமோ அவற்றுக்கே வாசல் ஒடுக்கமாக இருந்தது. பல ஆண்டு சென்று சில நிபந்தனைகள் தளர்ந்தன. அதற்குள் வாங்குவோர் வேறிடம் பார்த்துக்கொண்டனர்.

அப்படியிருந்தும் ஏற்றுமதி ஏறியது. 2000இல் 6 கோடி டொலருக்கும் குறைவாக இருந்த இந்தியாவுக்கான ஏற்றுமதி, 2005இல் 50 கோடி டொலரைத் தாண்டியது. புள்ளிவிபரம் கண்டோர் மகிழ்ந்தனர். உள்ளே நோக்கினால், அதிற் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்பும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த பனையெண்ணெய்க்கு இந்தியாவில் தீர்வை அதிகம், இங்கே குறைவு. ஆகவே எண்ணெயை இங்கு இறக்கி, வனஸ்பதியாக்கித் தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினர். விளைந்தது வேறு நாட்டில். முதல் பெரும்பாலும் அந்நியருடையது. வேலை பெற்ற எம் நாட்டார் வெகு சிலர். இந்தியா தன் தீர்வையையும் இறக்குமதி ஒழுங்குகளையும் மாற்றியதும் அத்தொழில் வந்த வேகத்திலேயே மறைந்தது. இந்நாட்டுக் கமக்காரன் வியர்வை கலவாத ஏற்றுமதியினால் புள்ளிவிபரம் வளருமேயன்றி நாடு வளராது.

மிளகு சொல்லும் கதை

இன்னுமொரு பயிரின் வரலாறு இதனினும் தெளிவானது. மாத்தளையிலும் கண்டியிலும் மிளகுக்கொடி வளர்ப்போர் பல்லாயிரம் குடும்பத்தினர். உடன்படிக்கையின்கீழ் ஆண்டுக்கு 2,500 தொன் மிளகு தீர்வையின்றி இந்தியாவுக்குச் செல்லலாம். ஆனால் வியட்நாமின் மலிவான மிளகு இலங்கை வழியாக, இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று கேரள, கர்நாடக மிளகுக் கமக்காரர் முறையிட்டனர். 2017 டிசெம்பரில், கிலோவொன்றுக்கு 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யலாகாது என்று இந்திய அரசு ஆணை பிறப்பித்தது; 2018 மார்ச்சில் அந்த ஆணையை மேலும் இறுக்கியது. அடிபட்டவர்களுள் ஏமாற்றியவன் மட்டுமல்லன், நேர்மையாய் விளைவித்த மாத்தளைக் கமக்காரனும் ஒருவன்.

இதற்காக இந்தியாவை ஏச நாம் முற்படவில்லை. தன் கமக்காரனைக் காத்த அரசை ஏசுவானேன்? நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கேரளத்து மலைச்சரிவில் மிளகு விளைவிப்பவன் எழுப்பிய குரல், அவனுடைய மாநிலத்தின் வழியாகவும், அவன் தெரிந்தனுப்பிய உறுப்பினர் வழியாகவும் டில்லியை எட்டியது. எட்டியபின் உடன்படிக்கை இருக்கும்பொழுதே அவனுக்கு வேலி கட்டப்பட்டது. எந்த உடன்படிக்கையும் தன்னை எழுதும் இடத்தில் யாருடைய குரல் கேட்கிறதோ அவனையே காக்கும். குரல் எட்டாதவனுக்கு விலக்குப் பட்டியலும் பயன்படாது. சுதந்திர வர்த்தகத்தைப் பற்றி நாம் அறிய வேண்டிய தலையாய உண்மை இதுவே.

இந்நாட்டிலும் அதற்குச் சான்று உண்டு. இந்தியாவுடன் சேவைத்துறை உடன்படிக்கை பற்றிய பேச்சு 2016இல் எழுந்தபொழுது, அரசாங்க மருத்துவ அதிகாரிகள் சங்கம் எதிர்த்து நின்றது. வேறு தொழில்வல்லாரும் சேர்ந்துகொண்டனர். அரசு பின்வாங்கிப் பேசியது. அவர்கள் எதிர்த்தது சரியா பிழையா என்பது வேறு விடயம். அவர்களுக்குக் குரல் இருந்தது, கேட்கப்பட்டது. வெங்காயத் தோட்டத்துக்காக அவ்வாறு எழுந்து நிற்கும் சங்கம் எது?

சிங்கப்பூருடன் செய்த உடன்படிக்கையிலோ, தொடக்கத்தில் யாருடைய குரலும் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. சிங்கப்பூர் ஏற்கெனவே சுங்கத் தீர்வை ஏறத்தாழ இல்லாத நாடு. அங்கே எமக்குப் புதிதாகத் திறக்கவேண்டிய தீர்வைக் கதவு பெரிதாக எதுவும் இல்லை. இலங்கையோ, பொருள் வகைகளில் நூற்றுக்கு 80 பங்கின் தீர்வையை 15 ஆண்டுகளில் நீக்க ஒப்பியது. முதலீடு வரும் என்ற நம்பிக்கையே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையைப் பற்றி எதிர்ப்பு மூண்ட பின்னரே, நன்மை தீமைகளை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். தாலி கட்டிய பின்னர் சாதகம் பார்த்த கதை இது.

உடன்படிக்கையே வேண்டாமா?

அப்படியாயின் எந்த நாட்டுடனும் உடன்படிக்கை செய்யாது கதவைப் பூட்டிக்கொண்டு இருப்போமா? அதுவும் அறிவுடைமையாகாது. சிறிய நாடு தனித்து நின்றால் பெரிய நாட்டின் மனம்போல் ஆட நேரிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இந்நாட்டு ஆடைகளுக்கு விசேட தீர்வைச் சலுகை அளித்தது. மனித உரிமைக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை என்று 2010இல் அதனை மீளப் பெற்றது. 2017இல் திரும்பவும் வழங்கியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்கள்மீது 44 வீதத் தீர்வையை அறிவித்தது; அறிவிப்பு ஜூலையில் 30 வீதமாகவும், ஓகஸ்டில் 20 வீதமாகவும் மாறியது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் எமது பெண்களின் வேலை, கடலுக்கப்பால் ஒருவர் இடும் கையெழுத்தில் தொங்குகின்றது. சலுகை என்பது கொடுப்பவன் விருப்பம்; உடன்படிக்கையோ இரு பக்கத்தையும் கட்டும். ஆகவே நல்ல உடன்படிக்கை சிறியவனுக்குக் கேடயம் ஆகலாம்.

அத்தகையது ஒன்றை இந்நாடு செய்ததும் உண்டு. 1952இல் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு; இறப்பருக்கு விலைவீழ்ச்சி. அவ்வாண்டு டிசெம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுப்பது. 270,000 தொன் அரிசி பெறுவது. இறப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்கா அதிருப்தியுற்று உதவி மறுத்தபொழுதும் அரசு அசையவில்லை. அவ்வுடன்படிக்கை பலமுறை புதுப்பிக்கப்பட்டது. அதன் வெற்றிக்குக் காரணம் யாது? தனக்கு வேண்டியது அரிசி, தன்னிடம் தேங்கியது இறப்பர் என்று நாடு தெளிவாக அறிந்திருந்தது. தன் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனவன் ஏமாறவில்லை.

பயிருக்கு இரு மாதம், வர்த்தமானிக்கு ஓர் இரவு

இன்று எமது கமக்காரனை உடன்படிக்கைகளினும் அதிகம் வருத்துவது வேறொன்று உண்டு. உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் ஒரு பொருள் இருந்தாலும், அதன்மீதுள்ள தீர்வையை அரசு தானாகவே குறைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ், வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் போன்றவற்றின் இறக்குமதி வரியை வர்த்தமானி மூலம் ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. சின்ன வெங்காயம் நட்டுக் கிண்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும். விதை வெங்காயம் வாங்க நகை அடைவு போகும், பசளைக்குக் கடை எழுத்துக் கடன், இறைப்புக்கு எரிபொருள், கூலிக்குக் காசு. வர்த்தமானி எழுத ஓர் இரவு போதும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு வரவும் நெடுநாள் ஆவதில்லை. கிண்டிய வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வேளையில் தீர்வை இறங்கினால், அவனுடைய இரண்டு மாத உழைப்பும் ஒரு காகிதத்தில் கரைந்துவிடும்.

"மலிவாக வாங்க விரும்பும் ஏழைக்கு வயிறில்லையா?" என்று கேட்பார் உளர். உண்டு, அவன் வயிறும் வயிறே. ஆனால் தீர்வை குறைந்தால் விலை குறையும் என்பதற்கு உறுதி எங்கே? 2020 ஒக்டோபரில் சீனி கிலோவொன்றுக்கு 50 ரூபாவாக இருந்த வரி ஒரே நாளில் 25 சதமாக்கப்பட்டது. தேநீர்க் கோப்பைக்குச் சீனி போடும் ஏழைக்கு அந்த 50 ரூபா வந்து சேரவில்லை. அது நடுவழியில் தங்கிவிட்டது என்பதை நாடே அறியும். அன்றியும், முற்றாக இறக்குமதியை நம்பியவனுக்கு ஒரு நாள் கதவு மறுபக்கத்திலிருந்து சாத்தப்படும். 2023 டிசெம்பரில் இந்தியா தன் மக்களுக்காக வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. விலை இங்கே விண்ணைத் தொட்டது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன் மட்டும் விசேடமாக அனுமதிக்கப்பட்டது. அத்தடையினால் நாசிக் பகுதியின் வெங்காய விவசாயியும் நட்டப்பட்டான். கடலுக்கப்பால் மண் கொத்துபவன் எமது பகைவன் அல்லன். அவனும் எம்மைப்போல் யாரோ எழுதும் ஆணைக்கு அஞ்சி வாழ்பவனே.

வயல் ஒருவரிடம், வாசல் இன்னொருவரிடம்

இவ்விடத்தில் அரசியலைப் பேசாமல் இருக்க முடியாது. 1987இல் கொண்டுவரப்பட்ட பதின்மூன்றாம் திருத்தத்தின்படி கமத்தொழிலும் கமநல சேவைகளும் மாகாண சபையின் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டு வர்த்தகமோ மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம். அதாவது, வயல் மாகாணத்திடம், வாசல் மத்தியிடம். வயலில் என்ன விளைகிறது என்று அறிந்தவனிடம் வாசலைத் திறக்கவும் சாத்தவும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவனுக்கு வயல் தெரியாது. போதாக்குறைக்கு, வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், தேர்தல் நடத்தப்படாமலே ஆண்டுகள் பல உருண்டோடின. கேரளத்து மிளகுக்காரனுக்கு ஒரு மாநிலம் பேசியது. எமது வெங்காயக்காரனுக்காகப் பேச எமக்கு ஆளில்லாத சபை மண்டபமே இருந்தது.

நாம் கேட்பவை

நாம் வேண்டுவன பெரியவை அல்ல. முதலாவதாக, எந்த வர்த்தக உடன்படிக்கையும் கைச்சாத்திடப்படுமுன் அதன் வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்த மாவட்டத்துக்கு என்ன நேரும் என்ற ஆய்வும் அதனோடு வெளிவர வேண்டும். பாராளுமன்றம் அதனை விவாதித்த பின்னரே பேனா காகிதத்தைத் தொட வேண்டும்.

இரண்டாவதாக, அறுவடைக் காலத்துக்குரிய தீர்வை நடுகைக்கு முன்னரே சட்டத்தினால் நிர்ணயிக்கப்பட வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் கமக்காரன் நடலாம், அல்லது விடலாம். வியாபாரியும் முன்னறிந்து கொள்முதல் செய்யலாம். கமக்காரன் கேட்பது என்றும் மூடிய கதவையன்று. திறக்கும் நேரம் தெரிந்த கதவையே.

மூன்றாவதாக, உடன்படிக்கை பேசும் குழுவில் மாகாணங்களின் பிரதிநிதிகளுக்கும் கமக்காரர் அமைப்புக்களுக்கும் இடம் வேண்டும். ஆடைத் தொழிலதிபர் பக்கத்து அறையில் இருந்து ஆலோசனை சொல்லலாமெனில், தோட்டக்காரன் வாசலிலாவது நிற்கக்கூடாதா?

நான்காவதாக, தீர்வை என்பது காலத்தை வாங்கித் தருமேயன்றி வாழ்வைத் தந்துவிடாது என்பதை நாமும் உணரவேண்டும். வேலிக்குள் இருந்துகொண்டு பழைய முறையிலேயே பயிரிட்டால், வேலி என்றோ ஒருநாள் சரியும். களஞ்சியம், நல்ல விதை, உவராகாத கிணற்று நீர், நியாயமான கடன் ஆகியவற்றை அந்த அவகாசத்தில் ஆக்கிக்கொள்ள வேண்டும். 1970களின் நல்ல விலையை நாம் அனுபவித்தோம். அந்த இலாபத்தில் பொதுக் களஞ்சியம் எத்தனை கட்டினோம் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்போமாக.

கடைசியாக, எமது படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உடன்படிக்கையின் இணைப்பட்டியல் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எண்களாலும் சட்ட மொழியாலும் எழுதப்படுகிறது. அதைக் குப்பிளானில் வெங்காயம் கிண்டுபவர் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. கணக்காளர், சட்டத்தரணி, பொருளியல் ஆசிரியர், கமத்தொழில் விஞ்ஞானி எனப் பெயர் படைத்தோர் எம்மிடையே நிறைந்திருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் படித்தது வெங்காயமும் மிளகாயும் விற்ற காசில். பிள்ளை பரீட்சைக்குப் போகத் தந்தை தோட்டத்துக்கு இறைத்த கதை எமது வீடுகளில் ஒன்றிரண்டல்ல. அந்தக் கடனைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கமக்காரர் சங்கத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இரண்டொருவர் முன்வந்து, வரும் உடன்படிக்கைகளைப் படித்து, எந்த வரியில் எமது பயிர் இருக்கிறது என்று காட்டி, எதிர்க்க வேண்டியதை எழுத்தில் எதிர்த்து, ஏற்கவேண்டியதை ஏற்று, உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். தெளிவாகச் சொல்லி அழுத பிள்ளைக்கே அது விரைவில் கிடைக்கும்.

வர்த்தகம் வேண்டும். அயலாருடன் கொடுத்து வாங்காமல் எந்தத் தீவும் வாழ்ந்ததில்லை. ஊர்காவற்றுறையிலும் வல்வெட்டித்துறையிலும் பாய்க்கப்பல் கட்டி வங்கக்கடல் கடந்து வாணிபம் செய்த மக்களின் வழிவந்தோர் நாம். எமக்கு யாரும் வர்த்தகத்தின் சிறப்பைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் விலைபேசும் இடத்தில் பொருளுக்கு உடையவன் இல்லாமல், அவன் பெயரால் பிறர் விலைபேசி முடிக்கும் வர்த்தகத்தைச் சுதந்திர வர்த்தகம் என்று அழைக்க எமது மனம் ஒப்பவில்லை. விளைவித்தவன் முன்னிலையில் விலை பேசப்படட்டும். அன்று அந்தப் பெயரை நாமும் மகிழ்ச்சியோடு சொல்வோம்.